லொட்ஜில் நிற்கிறார்

1988 டிசம்பரில், சுவிசின் சூக் நகரில் நான் வேலை செய்த நிறுவனத்தின் வருட இறுதி விருந்தில், சீட்டுக் குலுக்கலில் எனக்கு ஆபிரிக்கா விழுந்தது. கென்யாவில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான தனியார் வனவிலங்குக் காப்பகத்தின் நடுவே இருந்த சஃபாரி லொட்ஜில் ஐந்து இரவுகள், இரண்டு பேருக்கு, விமானச் சீட்டும் சேர்த்து. நிறுவனத்தின் தொழில் செம்பும் கோதுமையும் வாங்கி விற்பது. எங்கள் சமையலறைக்கு வந்த மா மூட்டைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்தக் கட்டடத்தில் எவரும் செம்பையோ கோதுமையையோ கண்ணால் கண்டதில்லை. நான் ஊழியர் உணவகத்தின் இரண்டாம் சமையல்காரன். முதற் பரிசு எண்ணை வாசித்தபோது உள்ளே நின்று கேக்குக்குக் கிரீம் பிழிந்துகொண்டிருந்தேன். செஃப் வந்து கிரீம் பையைப் பறித்துவிட்டு, ஏப்ரனோடு என்னை மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்.

அந்த ஊரில் பேசும் டொச் என்கிற ஜேர்மன் மொழியில் செஃப் என்றால் மேலதிகாரி. எங்களுக்கு அவர் தலைமைச் சமையல்காரருமாக இருந்தபடியால் அந்தச் சொல் அவருக்கு இரட்டிப்பாகப் பொருந்தியது. ஐம்பதைத் தாண்டியவர், பெரிய உடம்பு, தனியாள். எதற்கும் ஒரு நிகழ்ச்சி நிரல் வேண்டும் அவருக்கு.

எனக்குப் போக விருப்பமில்லை. ஆபிரிக்காவைப் பற்றி வாசிப்பது எனக்குப் பிடிக்கும். சூக் நூலகத்தின் சின்ன ஆங்கில அலுமாரியில் இருந்த வேட்டைக்காரர்களின், பாதிரிமாரின் பயண நூல்களை எல்லாம் இரண்டு தரம் முடித்திருந்தேன். அவற்றை எழுதியவர்கள் எல்லாரும் ஆறுதலாக இருந்தார்கள். சிங்கம் வரும்வரை மரத்தடியில் இருந்து தேநீர் குடித்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது பக்கத்து நகரத்தில் ஒரு மச்சான் இருந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

எனக்கு இருந்தார். என் மனைவியின் ஒரே அண்ணை, யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர், என் வயதுக்காரர். கொழும்பில் நடந்த எங்கள் கலியாணத்தில், மாப்பிள்ளை சுவிசில் சமையல் வேலை என்று அறிந்ததும், “தங்கச்சியை ஒரு சூப் காய்ச்சிக்கோ குடுக்கிறம்?” என்று எனக்குக் கேட்கும்படி கேட்டவர். அன்றிலிருந்து என்னைச் சூப் காய்ச்சி என்றே கூப்பிடுவார். வேறொருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 1988 செப்ரெம்பரில் அவர், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரன் மூலமாக எங்களிடம் வரப் புறப்பட்டார். அவன் அவரை நைரோபி வரை கொண்டுவந்து ஒரு லொட்ஜில் விட்டான்.

எங்கள் ஆட்களுக்கு லொட்ஜ் என்றால் அந்தக் காலத்தில் ஒரு அர்த்தம்தான். கொழும்பிலோ வேறொரு நாட்டிலோ, ஏஜென்சிக்காரன் ஆட்களை இருத்தி வைத்து இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடம். ஓர் அறைக்கு ஆறு பேர், நடைபாதையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வெளியே தலை காட்டினால் பொலிஸ். “அவர் லொட்ஜில நிக்கிறார்” என்று ஒரு வீட்டில் சொன்னால், கேட்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கமாட்டார்கள்.

மனைவி ஒவ்வொரு ஞாயிறும் நைரோபிக்குத் தொலைபேசி எடுப்பாள். லொட்ஜின் கீழ்த்தளத்து வரவேற்பு மேசையில் இருக்கும் ஆள் அண்ணையைக் கூப்பிட்டுவிடுவார். 1989 ஜனவரி நடுப்பகுதியில் இருந்து அந்த ஆள், “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று சொல்லி வைத்துவிடத் தொடங்கினார். போய்விட்டாரா, பிடிபட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று ஒன்றும் தெரியவில்லை. மனைவி அப்போது கர்ப்பிணி, ஆறு மாதம் முடிந்திருந்தது. விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

“பரிசு உங்களுக்கு விழேல்லை,” என்றாள். “எனக்கு விழுந்தது. நீங்கள் போய் அண்ணையைக் கண்டுகொண்டு வாங்கோ. மிருகம் பாக்கிறதெண்டால் அதையும் பாருங்கோ.”

இரண்டாவது சீட்டைச் செஃபுக்குக் கொடுத்தேன். அவர் அடுத்த சனிக்கிழமையே சூரிச்சுக்குப் போய், எங்கள் இருவருக்கும் காக்கி நிறத்தில் காற்சட்டை, நாலு பை வைத்த சட்டை, அகன்ற தொப்பி எல்லாம் வாங்கிவந்தார். தனக்கு ஒரு தொலைநோக்கியும் வாங்கினார்.

நாங்கள் புறப்பட்டது பெப்ரவரி மூன்றாம் கிழமை. பனி கொட்டிய கிழமை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். பனி அதற்கு முந்திய கிழமையே கரைந்துவிட்டது; வாசலில் சேறுதான் கிடந்தது. இப்படியான விடயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நைரோபியில் இறங்கியதும் வெளியே ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. ஒருவர் எங்கள் பெயர் எழுதிய மட்டையோடு நின்று, நேரே இன்னொரு சின்ன விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், ஆறு பேர் இருக்கக்கூடிய விமானத்தில் ஏற்றிவிட்டார். எழும்பும்போது கீழே நகரத்தின் தகரக் கூரைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் கீழ் அவர் இருக்கலாம். திரும்பிவரும் நாளில் மத்தியானம் நைரோபிக்கு வந்தால் சூரிச் விமானம் இரவுதான். நடுவே ஒரு பின்னேரம் கிடைக்கும். அந்தப் பின்னேரத்துக்காக ஐந்து இரவு சிங்கம் பார்க்கவேண்டும்.

லொட்ஜ் அழகாகத்தான் இருந்தது. புல் வேய்ந்த பெரிய சாப்பாட்டு மண்டபம், அதைச் சுற்றி ஆற்றங்கரையோரமாகத் தள்ளித் தள்ளிக் கூடாரங்கள். கூடாரம் என்று பெயர். உள்ளே கட்டில், வெந்நீர்க் குழாய், பூப்போட்ட கம்பளம். அதை நடத்தியவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எலுமிச்சைச் சாறு தந்துவிட்டு எங்களுக்கு விதிகளைச் சொன்னார். இருட்டிய பிறகு தனியே வெளியில் போகக்கூடாது. காவலாளி துவக்கோடு வந்து கூட்டிப்போவார். விடியுமுன் எழுப்புவோம், சத்தமில்லாமல் வந்து வாகனத்தில் ஏறவேண்டும். வாகனத்துக்குள் எழும்பி நிற்கக்கூடாது. கதைக்கக்கூடாது. சாரதி கை காட்டினால் தலையைக் குனியவேண்டும்.

செஃப் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நான் இதே விதிகளை ஒக்டோபரில் தொலைபேசியில் கேட்டிருந்தேன். மச்சானை ஒரு விடியற்காலையில் எல்லை வரைக்கும் வான் வண்டியில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். எழும்பி நிக்கக்கூடாது, கதைக்கக்கூடாது, தலையைக் குனியோணும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னது ஞாபகம் வர, எலுமிச்சைச் சாற்றை மேசையில் வைத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாளும் நிறையக் கண்டோம். காலையில் தேநீரும் பிஸ்கட்டும் கூடார வாசலுக்கு வரும். அதைக் குரங்கு எடுக்குமுன் எடுக்கவேண்டும். திறந்த வாகனத்தில், முழங்காலுக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு போவோம். யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு ஆற்றைக் கடந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள் மரத்தின் உச்சியை நாக்கால் துழாவிக்கொண்டு எங்களைப் பார்த்தது. தூரத்தில் மலை, அதன் தலையில் கொஞ்சம் பனி. அந்தப் பனியைக் கண்டதும் செஃபுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கண்ட ஒவ்வொன்றுக்கும் அவர் சின்னப் புத்தகத்தில் புள்ளடி போட்டார். பின்னேரங்களில் எல்லாரும் நெருப்பைச் சுற்றி இருந்து, இன்றைக்கு என்ன கண்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். யானை என்பேன். எத்தனை என்று கேட்டால் தெரியாது. எல்லாவற்றையும் எண்ணிக் குறித்து வைக்கிற எனக்கு, அந்த யானைகள் எத்தனை என்று இன்றைக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் சிறுத்தையைக் கண்டோம். ஆற்றோரத்து மரத்தின் கிளையில், மானின் மிச்சத்தை ஒரு பிளவில் செருகிவிட்டு, கால்களைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். மாலை மங்கிய வெளிச்சத்தில் அதன் புள்ளிகள் மரப்பட்டையோடு கலந்து, பிறகு மெதுவாகப் பிரிந்து தெரிந்தன. செஃப் மூச்சு விடவில்லை. இதற்காகத்தான் அவர் வந்தது.

நான் காலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. முன் இருக்கையின் இரும்புக் கம்பியில் சப்பாத்து பட்டுப் பட்டு ஒரு சத்தம். சிறுத்தை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது, எழுந்தது, தண்ணீர் வழிவதுபோல அடிமரம் வழியாக இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது. சாரதி வாகனத்தைத் திருப்பினார். லொட்ஜில் இறங்கியதும் செஃப் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“சமையலறையில் ஆயிரம் சாப்பாடு போகும்போதும் நீ தூண் மாதிரி நிற்பாய். இங்கே உன் காலுக்கு என்ன வந்தது? எறும்பா?”

சொன்னேன். மச்சானை, நைரோபியை, “அப்படி ஒருவர் இல்லை” என்ற குரலை எல்லாவற்றையும். அவர் கேட்டு முடித்துவிட்டு, “இதை டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் நிகழ்ச்சி நிரலில் போட்டிருப்போமே!” என்று கத்தினார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்மணியிடம் போனார்.

அங்கே தொலைபேசி இல்லை. காலையும் மாலையும் நைரோபி அலுவலகத்தோடு வயர்லெஸ்ஸில் பேசுவார்கள். மரக்கறிக்கும் பெற்றோலுக்கும் விமானத்துக்கும்தான் அது. அந்தப் பெண்மணி நல்ல மனம் உள்ளவர். மறுநாள் காலையில் மச்சானின் பெயரையும் விலாசத்தையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, யாரையாவது அனுப்பி விசாரிக்கும்படி கேட்டார். அன்று முழுக்க நான் எந்த வாகனத்திலும் ஏறவில்லை. கூடார வாசலில் இருந்து எழும்பி மண்டபம் வரை போவேன், திரும்பி வருவேன். பகலில் அதற்கு அனுமதி இருந்தது. குரங்கொன்று சீனிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது, பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பதில் வந்தது.

“எங்கள் சாரதி ஒருவர் நேரிலேயே போயிருக்கிறார். அப்படி ஒருவர் இல்லை என்றுதான் சொன்னார்களாம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரைச் சொன்னவுடன் மேசையில் இருந்த ஆள் எழும்பி உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாராம்,” என்றார் பெண்மணி.

“உங்கள் சாரதி என்ன உடுத்திருந்தார்?”

“எங்கள் சீருடைதான். பச்சை. தோளில் பட்டி.”

எனக்கு விளங்கிவிட்டது. சீருடை போட்ட ஒருவன் போய், ஒளித்திருக்கும் ஒருவரின் முழுப்பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறான். அவர் அங்கே இருந்திருந்தாலும் இனி இருக்கமாட்டார். ஏஜென்சிக்காரன் எல்லாரையும் இரவோடிரவாக வேறிடத்துக்கு மாற்றுவான். அந்த இடத்தின் விலாசம் ஒருவருக்கும் தெரியாது. நான் காலை ஆட்டாமல் சும்மா இருந்திருக்கலாம். அன்றிரவு ஆற்றுக்கு அப்பால் கழுதைப்புலிகள் கத்தின. செஃப் தன் கட்டிலில் இருந்து அதற்கும் ஒரு புள்ளடி போட்டார்.

கடைசி நாள் சின்ன விமானம் பிந்தவில்லை. எங்கள் பெட்டிகளை நேரே பெரிய விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாற்றுடுப்பும் அவற்றோடு போய்விட்டது. நாங்கள் காக்கி உடுப்போடும் தொப்பியோடும் ஒரு டாக்சியில் ஏறினோம். செஃப் வரவேண்டாம் என்றேன். “நீ சிறுத்தையைக் கலைத்தவன். நான் வருவேன்,” என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழே டயர்க் கடை உள்ள மூன்று மாடிக் கட்டடம். மேசையில் இருந்த ஆள் எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டார். நான் மச்சானின் பெயரைச் சொன்னேன்.

“இல்லை சேர். தமிழ் ஆட்கள் இல்லை. எல்லாம் தன்சானியா ஆட்கள்,” என்றார் ஆங்கிலத்தில்.

அவர் சொல்லி வாய் மூடுமுன் மேலே செருப்புச் சத்தம் ஓடியது. கதவுகள் அடித்துச் சாத்தின. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் படிகளில் ஏறினேன், செஃப் பின்னால். முதல் மாடி நடைபாதையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் வெங்காயமும் கறிவேப்பிலையும் அரை வதங்கலில். கிட்ட ஒரு குருவியும் இல்லை. கறிவேப்பிலை மணம் படிவரை வந்தது. தன்சானியா ஆட்கள் அதைப் போட்டுத் தாளிப்பதில்லை.

“கருகப் போகுது,” என்றார் செஃப். குந்தி இருந்து, திரியைக் குறைத்து, அகப்பையை எடுத்துக் கிண்டத் தொடங்கினார். எந்த நாட்டு வெங்காயமானாலும் கருக விடமாட்டார்.

நான் மாடிப்படியில் நின்று மச்சானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நான் இன்னார் என்று என் பெயரைச் சொன்னேன். அதுவும் பொலிஸ்காரனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய பெயர்தான் என்பது சொன்ன பிறகு உறைத்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத்தால் இறங்கி ஓடினால் முடிந்தது.

“சூப் காய்ச்சி வந்திருக்கிறன்!” என்று முழுக்குரலில் கத்தினேன்.

செஃப் திரும்பிப் பார்த்தார். கீழே மேசைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. “ஆர் சூப் காய்ச்சி?”

“உம்மட தங்கச்சியைக் கட்டினவன்!”

பிறகு மொட்டை மாடிக்குப் போகும் படியின் உச்சியில், தாடி வைத்த ஒரு தலை தெரிந்தது. “அந்தத் தொப்பியைக் கழற்றும் பாப்பம்.”

கழற்றினேன்.

“ஓம், மொட்டை சரிதான். டேய், வாங்கோடா! பொலிஸ் இல்லை. சமையல்காரன்.”

கதவுகள் திறந்தன. கட்டிலுக்கடியில் இருந்தும், குளியலறையில் இருந்தும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு செஃபைப் பார்த்தான். “அண்ணை, உந்த வெள்ளை என்ன எங்கட கறியைக் கிண்டுது?”

“அவர்தான் பெரிய சமையல்காரன். நான் அவருக்குக் கீழை,” என்றேன்.

“அப்ப உப்புப் பாக்கச் சொல்லுங்கோ.”

மச்சான் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மெலிந்துபோயிருந்தார். தாடியில் நரை இருந்தது. முதல் வேலையாக என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“காக்கி உடுப்பு, சப்பாத்து, பக்கத்தில ஒரு வெள்ளை. ரெண்டு நாளைக்கு முதல் பச்சை உடுப்பில ஒருத்தன் வந்து என்ர பேரைச் சொல்லிக் கேட்டவன். இண்டைக்கு நீர். நாங்கள் என்னெண்டு காணும் நினைக்கிறது?”

“பச்சை உடுப்புக்காரனையும் நான்தான் அனுப்பினனான்.”

“நல்ல வேலை. அண்டையில இருந்து யன்னல் திறக்கேல்லை. நாளைக்கு வேற இடம் மாத்துவமெண்டு சொல்லுறாங்கள். நீர் எங்கை நிக்கிறீர்?”

“ஒரு லொட்ஜில நிண்டனான்.”

“நீருமோ?” என்று சிரித்துவிட்டார். நான் காப்பகத்தைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்து அவர் ஒரு விசாரணை நடத்தினார்.

“இருட்டினால் வெளியில விடுவாங்களோ?”

“விடமாட்டாங்கள். துவக்கோட ஒருத்தன் வருவான்.”

“இஞ்சை துவக்கு இல்லை. மிச்சம் சரி. விடியக் காலமை வானில ஏத்துவாங்களோ?”

“ஏத்துவாங்கள். கதைக்கக்கூடாது.”

“எங்களை ஏத்துவம் எண்டு சொல்லுவாங்கள், ஏத்திறேல்லை. சாப்பாடு?”

“மூண்டு நேரமும். பின்னேரம் கேக்.”

“அப்ப ஏன் வந்தனீர்? அங்கையே நிண்டிருக்கலாமே.”

சிரிப்பு நின்றதும் தங்கச்சி எப்படி என்று கேட்டார். சொன்னேன். ஏழு மாசம், அண்ணை போனுக்கு வாறேல்லை எண்டு நித்திரை இல்லை, உயிரோட இருக்கிறாரோ எண்டு பாத்துவரச் சொல்லி அனுப்பினவ.

அவர் எதிர்க் கூரையைப் பார்த்தார். “அப்பிடி ஒரு ஆள் இல்லையெண்டு சொல்லச் சொன்னதே நான்தான்.”

“ஏன்?”

“திரும்பிப் போறன், மச்சான். வாற வெள்ளிக்கிழமை பிளேன். சீட்டு எடுத்திட்டன்.”

இரண்டு தரம் விமான வாசலில் வைத்துத் திருப்பிவிட்டார்களாம். மூன்றாம் தரத்துக்கு ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த பாஸ்போட்டில் இருந்த படம் இருபத்திரண்டு வயதுப் பொடியனுடையது. “என்னைப் பாரும். எனக்கு இருபத்திரண்டோ? கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சன். அண்டைக்கே முடிவெடுத்திட்டன். அங்கை பொடியள் சோதினைக்கு நிக்கிறாங்கள், கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. இஞ்சை நான் படுத்துக்கிடந்து முகட்டைப் பாக்கிறன்.”

“கொழும்பில எயார்போட்டில பிடிச்சால்?”

“மாஸ்டர் எண்டு சொல்லுவன்.”

“இப்ப அங்கை மாஸ்டர், மாணவன் எண்டு பிரிச்சுப் பாத்தோ பிடிக்கிறாங்கள்?”

அவர் தாடியைச் சொறிந்தார். முன்னால் போக வழி கிடையாது, நிற்பதற்கு யன்னல் கிடையாது, திரும்பினால் என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியாது. சூக்கில் எனக்கு ஒரு வீடும், தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் பி விசாவும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவருக்குப் புத்தி சொல்ல வாய் வரவில்லை.

“தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தாப்பிறகு சொல்லும். இப்ப, கண்டன், சுகமா இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லும்.”

“நாளைக் காலமை நான் அவவின்ர முகத்தைப் பாக்கவேணும். என்னால மறைக்க ஏலாது. ஒருக்கா போனுக்கு வாரும். நீரே சொல்லும்.”

“அழுவாள்.”

“அழட்டும்.”

“அழுதால் நான் நிண்டிடுவன். அதுதான் காணும் போனுக்கே வரேல்லை!”

அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது; செஃபுக்குச் சோறு போட்டிருந்தார்கள் போல. “வெள்ளை அண்ணை, சுவிசில விசா தருவீங்களோ?” என்று யாரோ கேட்பதும், அவர் விளங்காமல் “யா, யா” என்பதும், எல்லாரும் கைதட்டுவதும் கேட்டன.

“ஒருக்கா,” என்றார் மச்சான் கடைசியாக. “ஒருக்கா மட்டும். இடம் மாத்தினாலும், நாளைக்கு மத்தியானம் கீழை மேசையில வந்து நிப்பன். அதுக்குப் பிறகு எடுக்க வேண்டாம்.”

விமானத்தில் செஃப் நன்றாகத் தூங்கினார். நான் சூரிச் வரை எதை முதலில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கூட்டத்துக்கு முன்னால், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. “கண்டனீங்களோ?” என்றாள், நான் பெட்டியைக் கீழே வைக்குமுன்.

“ஓம். கண்டன். சுகமா இருக்கிறார்.”

அவளுக்கு ஒரு மாதத்து மூச்சும் அப்போதுதான் வெளியே வந்தது. செஃபின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவர் ஓர் அலுவலாகச் சூரிச் நகரில் நின்றுகொள்ள, நாங்கள் இருவரும் சூக் ரயிலில் ஏறினோம். ஏறியதில் இருந்து அவள்தான் கதைத்தாள். பேர்ணில் இருக்கும் ஓர் அக்கா தொலைபேசி எடுத்தாராம்.

“‘இவர் எங்கை?’ எண்டு கேட்டா. கென்யாவில லொட்ஜில நிக்கிறார் எண்டன். ‘ஐயோ பிள்ளை, வேலையும் விசாவும் இருந்த மனுசனல்லோ! அவரை ஏன் நாட்டை விட்டு அனுப்பினவங்கள்?’ எண்டு ஒரே அழுகை. ஒருத்தரும் அனுப்பேல்லை அக்கா, விடுமுறைக்குப் போனவர் எண்டால், ‘லொட்ஜுக்கோ?’ எண்டு கேக்கிறா. அடுத்த நாள் மூண்டு பேர் எடுத்து அகதி வழக்குப் பேசிற அப்புக்காத்தற்ற நம்பர் தந்தவை!”

அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏரியும் கரையும் யன்னலில் ஓடின. தால்வில் நிலையம் கழிந்து சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“இன்னும் என்னவோ இருக்கு. சொல்லுங்கோ.”

சொன்னேன். வெள்ளிக்கிழமை விமானம், இருபத்திரண்டு வயதுப் படம், ஏன் போனுக்கு வரவில்லை என்பது, இன்றைக்கு மத்தியானம் ஒருக்கா மட்டும் மேசைக்கு வருவார் என்பது. நீ அழுதால் நின்றுவிடுவார் என்றதையும் சொன்னேன். அதைச் சொல்லலாமா கூடாதா என்று இரவு முழுக்க யோசித்தும் முடிவெடுக்கவில்லை. அது தானாக வந்துவிட்டது. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. அவள் கைப்பைக்குள் சில்லறை தேடினாள். பார் என்ற ஊரின் நிலையத்தில் ஆட்கள் ஏறினார்கள். சூக்கில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே தொலைபேசிக் கூண்டுக்கு நடந்தாள்.

“வீட்டில போய் எடுக்கலாமே. இன்னும் நேரம் கிடக்கு.”

“அங்கை இப்ப மத்தியானம்,” என்றாள். சரிதான். அங்கே இரண்டு மணித்தியாலம் முந்தி. நேரக் கணக்கில் நான் பிழைவிட்டது அந்த ஒருமுறைதான்.

உள்ளே காற்றுப் போதாதென்று காலால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அதனால் அவள் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்டது.

“அண்ணையோ?... ஓம், சொல்லிப்போட்டார்... இல்லை, அழேல்லை. ஏன் அழவேணும்?... போறதெண்டால் போங்கோ, நான் மறிக்கேல்லை.”

அவள் அழுவாள் என்றே நானும் நம்பியிருந்தேன்.

“ஒண்டு மட்டும் கேக்கிறன். பிள்ளை பிறந்தவுடன நேரம் சொல்லவேணுமெல்லோ? சாதகம் ஆர் கணிக்கிறது?” அவர்கள் குடும்பத்தில் எல்லாருடைய சாதகத்தையும் கணித்தவர் கணித வாத்தியாரான அண்ணைதான். “அங்கை போனால் எந்தப் போனில சொல்லுறது? கடிதம் ரெண்டு மாசம் செல்லும்... வேற ஆரிட்டையோ? ஏன், வேற ஆற்ற கணக்கு எப்ப சரியா வந்திருக்கு? பெரிய மாமாவின்ர பிள்ளைக்கு ராசியையே மாத்தி எழுதினவர்... சிரியாதேங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்லை.”

பிறகு நீண்ட நேரம் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய கால் கதவில் இருந்து வழுக்கியது. நான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி. ஓம். சரி, அண்ணை,” என்று வைத்தாள். வெளியே வந்து நிலையத்தின் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

“என்னவாம்?”

“பாப்பமாம்.”

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலையில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். செஃப் சட்டியை மாற்றி வைத்தார். இனி எடுக்க வேண்டாம் என்று அண்ணை சொன்ன சொல்லுக்காக மனைவி அன்று எடுக்கவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் என்னிடம் கேட்காமலே நம்பரைச் சுழற்றினாள். நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். இடம் மாற்றுவோம் என்றவர்கள் இன்னும் மாற்றவில்லைப் போல; மேசைக்காரர் “இல்லை” என்று சொல்லவில்லை, ஆள் வர நேரம் எடுத்தது. பிறகு அந்தக் குரல், நித்திரை கலையாத குரல்.

“என்ன, பிறந்திட்டுதோ?”

“இன்னும் ஏழு கிழமை கிடக்கு, அண்ணை,” என்றாள் மனைவி.